அரக்கில் பதிந்த சிங்கம்

சிட்மத், டெவன்
12 மார்ச் 1934

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

வின்னி எழுதுவது. என் உடம்புக்குக் குறைவொன்றுமில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. குளிர் தொடங்கியபோது வந்த உன் இருமல் நின்றதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

மிஸ் ஆர்லெஜின் அடக்கம் முடிந்து உயிலைப் படித்தார்கள். வீடும் மற்றவையும் எஜமானியின் அண்ணன் மகன் பியர்ஸுக்கு. எனக்கு ஒரே ஒரு வரி: "இருபத்துமூன்று ஆண்டுகளாக வினிஃபிரட் ஸ்டான்கிளிஃப் தேய்த்துவந்த என் டீ செட் அவளுக்கே சேரவேண்டும்."

படித்து முடிந்ததும் பியர்ஸ் என்னைத் தனியாக அழைத்தார். "வின்னி, அது வெள்ளி இல்ல, முலாம். அத்தை இத்தனை வருஷம் உன்னை வெட்டியாத் தேய்க்க விட்டிருக்காங்க. அஞ்சு பவுன் தர்றேன், இங்கேயே வச்சிட்டுப் போ. என் சம்சாரத்துக்கு அந்தக் கெண்டி மேல ஒரு ஆசை" என்றார்.

ஜூலை முடிவதற்குள் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? எடுத்தாலும் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் போய் நிற்க எனக்கு மனமில்லை. அதனால் அந்தச் சாமான் என்னதென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ நாற்பது வருடம் ஷெஃபீல்டில் வெள்ளிக்குப் பாலிஷ் போட்டவள். சாமான் நான்கு: கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, வெந்நீர்க் கூஜா. ஒவ்வொன்றின் அடியிலும் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கின்றன. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

கழுத்துக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

உன் தங்கை,
வின்னி


பிட்ஸ்மூர், ஷெஃபீல்ட்
4 ஏப்ரல் 1934

அன்புத் தங்கை வின்னிக்கு,

இருமல் போய்விட்டது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு வேலை நெருக்கடிதான் காரணம். ஈஸ்டருக்கு முன் பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை.

உன் பென்சில் தாள் எதற்கும் ஆகாது. எல்லாம் ஒரே கரி. முத்திரையை அரக்கில் ஒற்றி அனுப்பு. கடிதத்துக்கு வைக்கும் அதே சிவப்பு அரக்குதான். ஓர் அட்டையில் சொட்டவிட்டு, சற்று ஆறியதும் முத்திரை இருக்கும் இடத்தை அதன்மேல் வைத்து அழுத்து. முதலில் அந்த இடத்தில் எண்ணெய் ஒரு துளி தடவ மறக்காதே, இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அட்டை ஒவ்வொன்றிலும் எந்தச் சாமான் என்று எழுதாதே. ஓரத்தில் வெட்டு போடு. கெண்டிக்கு ஒன்று, கிண்ணத்துக்கு இரண்டு, அப்படி.

அதற்குள் நீயே ஒன்று பார். முலாம் என்றால் அடியில் செம்பு இருக்கும். விளிம்பு, மூக்கின் நுனி, கால்கள், இவைதான் முதலில் தேயும். அங்கே சிவப்பு எட்டிப் பார்க்கிறதா? கெண்டியில் ஒரு முறை டீ போட்டு, கைப்பிடி சுடுகிறதா என்றும் பார். நல்ல கெண்டி என்றால் பிடியின் இரண்டு முனையிலும் சூடு ஏறாமல் தந்த வளையம் வைத்திருப்பான்.

அந்த பியர்ஸைப் பற்றி ஒன்று. முலாம் என்று தெரிந்தும் அதற்கு ஐந்து பவுன் கொடுக்கிறவன் முட்டாளாக இருக்க வேண்டும். அவனைப் பார்த்தால் முட்டாளாகத் தெரிகிறதா?

பக்கத்து வீட்டு பெர்த்தா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். முழங்காலுக்குச் சூடான ஆளிவிதைப் பற்று நல்லதாம்.

ஹெஸ்டர்


சிட்மத்
11 ஏப்ரல் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. நான் நலம். ஆளிவிதைப் பற்று போட்டேன். முழங்காலைவிட என் மூக்குக்குத்தான் வேலை கொடுத்தது.

அரக்கு அட்டைகளைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிகளில் வைத்து அனுப்பியிருக்கிறேன். விரலை இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். விளிம்பிலும் மூக்கு நுனியிலும் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்; கெண்டி, கிண்ணம், குவளை மூன்றிலும் சிவப்பு எங்கும் இல்லை. வெந்நீர்க் கூஜாவின் அடியில் மட்டும் செம்புச் சிவப்பாக ஏதோ தெரிகிறது. கெண்டியின் பிடியில் தந்த வளையம் இரண்டும் இருக்கின்றன.

டீ போட்டுப் பார்க்கச் சொன்னாய். போடவில்லை. அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பியர்ஸ் பிரிஸ்டலிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார். இப்போது ஏழு பவுன். கையெழுத்துப் போட ஒரு தாளும் உள்ளே இருந்தது. அதை அலமாரிக்கு அடியில் முட்டுக் கொடுக்க மடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா, உன் வரிகள் ஏன் இப்படி மலை ஏறுகின்றன? கடைசி மூன்று வரியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. என் பென்சில் தாள் கரி என்கிறாய். எங்கள் தபால்காரரே அதைப் பார்த்து "சிங்கம் நல்லா விழுந்திருக்கே" என்றார். இன்னொன்று: என் முழங்காலைப் பற்றி உனக்குத்தானே எழுதினேன், பெர்த்தாவுக்கு எப்படித் தெரிந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வின்னி


பிட்ஸ்மூர்
23 ஏப்ரல் 1934

அன்பு வின்னிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் மேசையின் ஒரு கால் ஆடுகிறது, அதனால்தான் வரிகள் அப்படி. பெர்த்தா பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் பூனைகூடக் குட்டி போடாது.

இப்போது உட்கார்ந்து படி.

ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு போட்ட அட்டைகள் மூன்றிலும் சிங்கம் இருக்கிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கிற சிங்கம். அது இருந்தால் சுத்த வெள்ளி, மறுபேச்சில்லை. பக்கத்தில் கிரீடம், அது நம் ஊர் முத்திரை. ஆமாம் வின்னி, உன் கெண்டி ஷெஃபீல்டில் பிறந்தது. அடுத்து ஒரு ராஜா தலை. அரக்கில் எல்லாம் திரும்பித்தான் விழும். இதில் அவர் இடப்பக்கம் பார்க்கிறார், ஆகவே வெள்ளியில் வலப்பக்கம் பார்ப்பார். விக்டோரியா ராணி என்றால் வெள்ளியில் இடப்பக்கம் பார்த்திருப்பார். ஆக இது ராணி பட்டத்துக்கு வருவதற்கு முந்தியது. கிட்டத்தட்ட நூறு வருடம் இருக்கும்.

நான்கு வெட்டு போட்டது மட்டும் முலாம். அதில் சிங்கமே இல்லை. பழைய கூஜா எப்போதோ தொலைந்து, யாரோ கடையில் வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகவே வாயைத் திறக்காதே. நீ முலாம் என்றே நம்புகிறாய் என்று நினைத்துக்கொண்டு அவன் "இது வின்னியுடையது" என்று எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்.

உன் ஊர்க் காற்றில் உப்பு. வெள்ளிக்கு அது விஷம். தாளில் சுற்றாதே, பழைய ஃபிளானல் துணியில் சுற்று. முத்திரை மேல் பொடி போட்டுத் தேய்க்காதே. பூ வேலைப்பாட்டின் இடுக்கில் இருக்கும் கருப்பை எடுக்காதே, அதுதான் அதற்கு அழகு. மூடியைத் திறந்தே வை, உள்ளே ஒரு சர்க்கரைக் கட்டி போட்டு வை. பூஞ்சை வாடை வராது. தந்த வளையம் வெந்நீரில் முழுகக் கூடாது.

இதெல்லாம் இருபத்துமூன்று வருடமாக நீ செய்துவருவதுதான் என்று அட்டையைத் தொட்டதுமே தெரிந்தது. நூறு வருடச் சிங்கத்துக்கு இன்னும் நகம் இருக்கிறது. நன்றாகத் தேய்த்திருக்கிறாய்.

ஹெஸ்டர்


சிட்மத்
16 மே 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பெர்த்தாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலம். நீ என்னைத் திட்டப்போகிறாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பியர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு உயிலில் எழுதி வைத்ததை நான் திருடி போல வாங்க மாட்டேன். நேராகவே சொன்னேன். "சார், மூணு சாமான் சுத்த வெள்ளி, ஒண்ணு முலாம். எனக்கு வேணும்."

அவர் முகம் சிவந்தது. "டீ செட்னா அத்தை சொன்னது பீங்கான் செட்டை. நீல ரோஜாப் பூ போட்டது. தினமும் அதைத்தானே நீ கழுவுன!" என்றார்.

வக்கீல் டாப்ஸ்காட் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். பியர்ஸ் அரை மணி நேரம் பேசினார். டாப்ஸ்காட் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பீங்கானை எப்படிம்மா சுத்தம் பண்ணுவீங்க?"

"சோப்புத் தண்ணில கழுவுவேன் சார்."

"வெள்ளியை?"

"வெள்ளிக்கிழமை காலைல செம்பொடியும் மான்தோலும் வச்சுத் தேய்ப்பேன்."

"பீங்கானைத் தேய்ச்சா என்ன ஆகும்?"

"ரோஜாப் பூ போயிடும் சார். அப்புறம் மிஸ் ஆர்லெஜ் என்னை அனுப்பிடுவாங்க."

அவர் உயிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தேய்த்துவந்த, அப்படின்னுதான் எழுதியிருக்கு. கழுவிவந்த இல்ல. அந்தம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னோட சண்டை போட்டு எழுதினாங்க, மிஸ்டர் ஆர்லெஜ். வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க. செட்டோட விலையைவிடச் செலவு அதிகம் ஆகும்."

பியர்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா, படியிறங்கும்போது முழங்கால் வலி கொஞ்சமும் தெரியவில்லை.

வாஸ்பர் என்ற பழம்பொருள் வியாபாரி அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். கூஜாவைத் தட்டிப் பார்த்து, "இது முலாம்னா மத்ததும் முலாம்தான். பன்னிரண்டு பவுன்" என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் ஆறாம் தேதி எக்ஸிடரில் ஏலத்துக்கு விடுகிறேன்.

வின்னி


பிட்ஸ்மூர்
25 மே 1934

வின்னிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று தெரிகிறது, வக்கீலையே வேலை வாங்குகிறாயே.

திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஐந்தாறு வயதில் மிட்டாய்க் கடைக்காரன் தவறிக் கூடுதலாகக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுக்க மழையில் ஓடியவள் நீ. அன்றும் என் பேச்சைக் கேட்கவில்லை. போகட்டும், ஜெயித்துவிட்டாய்.

ஏலத்தில் மூன்றையும் ஒரே தொகுதியாக விடு. கூஜாவைச் சேர்க்காதே, அதைக் காட்டி வாஸ்பர் செய்ததையே எல்லாரும் செய்வார்கள். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு விலை எழுதிக் கொடு. முப்பது பவுன். வியாபாரிகள் முன்பே கூடிப் பேசிவைத்துக்கொண்டு ஒருவன் மட்டும் கேட்பான், மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். பயந்து இறங்காதே.

பணம் வந்ததும் உனக்கென்று ஏதாவது செய். இங்கே அனுப்புகிறேன், அங்கே அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. எனக்கு வேலை இருக்கிறது, கூலி வருகிறது, ஒரு குறையும் இல்லை.

ஹெஸ்டர்


சிட்மத்
8 ஜூன் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம்தானே? எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி, ஏல அறையின் சுருட்டுப் புகையால்.

நீ சொன்னபடியே நடந்தது. வாஸ்பர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர்தான் கேட்டார். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. மற்ற ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. பதினெட்டில் நின்றது. ஏலக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், முடியாது என்று.

வெளியே வாஸ்பர் காத்திருந்தார். "இனி இந்தப் பக்கத்துல யாரும் அதைத் தொட மாட்டாங்க அம்மா. இருபதுக்குக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்க."

"இங்க தொடலைன்னா அது பிறந்த ஊர்ல தொடுவாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நானே அதை யோசித்தேன். யோசித்து முடிவும் செய்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி சாமானோடு ஷெஃபீல்டுக்கு வருகிறேன். பதினொரு வருடமாகிறது நாம் பார்த்து. உன் கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

வின்னி


பிட்ஸ்மூர்
11 ஜூன் 1934

வின்னிக்கு,

வராதே. சாமானை ரயில் பார்சலில் அனுப்பு. வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், படுக்க இடமில்லை. நான் பகல் முழுக்கப் பட்டறையில் இருப்பேன். டிக்கெட்டுக்குக் காசைக் கரைக்காதே. அடுத்த வருடம் வா.

எல்லாரும் சுகம்.

ஹெஸ்டர்


சிட்மத்
30 ஜூன் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைப் பார்த்துவிட்டு நல்லபடி சிட்மத் வந்து சேர்ந்தேன். பிரிஸ்டலில் ஒரு மணி நேரம் ரயில் தாமதம், மற்றபடி சுகம்.

இதை பெர்த்தாதான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று இப்போது தெரியும். பெர்த்தா, ஒரு வார்த்தையும் விடாமல் படி.

அக்கா, கதவைத் திறந்ததும் நீ என் தோளுக்கு மேலே பார்த்து, "கரிக்காரனா? மூட்டையை அங்க வை" என்றாய். நீ சொன்ன இடத்தில் பெட்டியை வைத்தேன். பிறகு நீ கையை நீட்டி என் முகத்தைத் தொட்டாய். "வராதேன்னு எழுதினேனே, கழுதை" என்றாய்.

பத்து நாள் ஒரே வீட்டில் இருந்தோம்; அதைப் பற்றி நீ பேசவிடவில்லை. பெர்த்தாதான் குழாயடியில் சொன்னாள். இரண்டு வருடமாகக் கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி முதலில் ஓரங்கள் இருண்டு, பிறகு பார்வையே போனதும், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னதும், போன அக்டோபரில் பட்டறையிலிருந்து உன்னை நிறுத்திவிட்டதும். சுண்ணாம்பு அடிக்கிறார்களாம்! உன் சுவரில் நம் அப்பா அடித்த சுண்ணாம்புதான் இருக்கிறது.

ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். ஒரு கிழவிக்கு இருபத்துமூன்று வருடம் தட்டேந்தியவள் இன்னொரு கிழவிக்கு ஏந்தக் கூடாது என்று நினைத்தாய்.

நீயும் ஒன்றை அறிந்துகொள். கெண்டியில் டீ போட்டுப் பார்க்கச் சொன்னாய், போடவில்லை என்று மட்டும் எழுதினேன். நான்கு மணிக்கு மிஸ் ஆர்லெஜ் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவாங்க அக்கா. முதல் வருடத்திலிருந்தே. கதவைச் சாத்திவிட்டு, தன் கையால். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவங்க பிடித்த பிடியை நான் பிடித்து ஊற்ற முடியவில்லை.

சாவியை ஒப்படைக்க நான் இங்கே இருந்தாக வேண்டும். சாமான் உன்னிடமே இருக்கட்டும். விற்பது உன் வேலை. முத்திரையைப் படித்தவள் நீதான்.

வின்னி


பிட்ஸ்மூர்
21 ஜூலை 1934

அன்பு வின்னிக்கு,

நான் சொல்ல பெர்த்தா எழுதுகிறாள். இனி வரிகள் நேராக இருக்கும், எழுத்துப் பிழை மட்டும் என் பொறுப்பில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம், பேசியாயிற்று.

விற்றுவிட்டேன்.

மூன்று வாரம் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் கடையில் பத்தொன்பது என்றான், இரண்டாவது கடையில் எடைக்கு எடை உருக்குகிற விலை சொன்னான். இரண்டு இடத்திலும் சாமானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது, இபட்சன் கடை. பெர்த்தா என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்து அவளிடம் பேச ஆரம்பித்தார்.

"சார், விக்கிறவ இங்க இருக்கேன்" என்றேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நல்ல சாமான்தான். ஆனா மூடி பின்னால மாத்தினது போலிருக்கே."

"மூடிக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. அங்கயும் ஒரு சின்னச் சிங்கம் இருக்கு. மாத்தின மூடில அது எப்படி வரும்?"

கண்ணாடி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு. சரி, ஆனா வயித்துப் பக்கம் யாரோட பேரோ இருந்து அழிச்ச மாதிரி..."

"பேரை அழிச்சா தகடு மெலிஞ்சு கட்டை விரலுக்கு அமுங்கும். அமுக்குங்க. நல்லா அமுக்குங்க, பயப்படாதீங்க."

அவர் அமுக்கினார். பிறகு சிரித்துவிட்டார். "எந்தப் பட்டறையில இருந்தீங்க?"

"எதுல இருந்தா என்ன? இப்ப உங்க கடையில இருக்கேன். விலையைச் சொல்லுங்க."

நாற்பத்திரண்டு பவுன். பெர்த்தா இரண்டு முறை எண்ணினாள், நான் ஒரு முறை தடவி எண்ணினேன். பணத்தை வக்கீல் டாப்ஸ்காட் பெயருக்கு அனுப்பியாயிற்று. முலாம் கூஜாவை பெர்த்தாவுக்குக் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் கடிதம் படித்ததற்கும் பொய்க்குத் துணை நின்றதற்கும்.

இபட்சன் கெண்டியைத் துணியில் சுற்றும்போது, "இதைத் தேய்ச்சவங்க யாரு?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றேன்.

உனக்கென்று ஏதாவது செய்.

ஹெஸ்டர் (சொல்ல, பெர்த்தா எழுதியது)


சிட்மத்
27 ஆகஸ்ட் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பெர்த்தாவும் நலமென்று நம்புகிறேன். ஒரு மாதம் நான் எழுதாமல் இருந்தது உடம்புக்கு முடியாமல் அல்ல. முடியும்வரை சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

நீ சொன்னபடி எனக்கென்று செய்துவிட்டேன். மீன்காரர் தெருவின் மேல்முனையில் ஒரு வீடு. மாடியில் மூன்று அறை, கீழே இரண்டு. ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். கோடையில் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு மாடி அறைகள், காலைச் சாப்பாட்டோடு. செப்டம்பர் இருபத்தொன்பதில் குடியேறுகிறேன்; அதுவரை இங்கே ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். அடுத்த மே மாதத்துக்கு ஒரு பாதிரியார் குடும்பம் இப்போதே கேட்டு எழுதியிருக்கிறது.

பத்திரத்தில் இரண்டு பெயர் போடச் சொன்னேன். டாப்ஸ்காட், "இன்னொருத்தங்க சம்மதிச்சாங்களா?" என்று கேட்டார். "இன்னும் சண்டை போடல சார், போடுவாங்க" என்றேன்.

அக்கா, உன்னைப் பார்த்துக்கொள்ள நான் கூப்பிடவில்லை. எனக்கு இங்கே ஆள் வேண்டும். நான் யாரிடமும் விலை பேசியதில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கத்தான் தெரியும். கரிக்காரன், மீன்காரன், சலவைக்காரி எல்லாரும் என்னை ஏய்ப்பார்கள். மான்தோல் பிடிக்கவும் ஆள் வேண்டும், வீடு முழுக்கப் பித்தளைப் பிடிகள். உன் அறை கீழே, பின்பக்கம். படி கிடையாது. சன்னலைத் திறந்தால் கடல் சத்தம்.

அக்டோபர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ரயில். பெர்த்தா ஏற்றிவிடட்டும். பிரிஸ்டலில் நான் நிற்பேன்.

வராவிட்டால் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன். முழங்கால் இப்போது நன்றாக இருக்கிறது.

வின்னி


பிட்ஸ்மூர்
7 செப்டம்பர் 1934

வின்னிக்கு,

பெர்த்தா உன் கடிதத்தை மூன்று முறை படித்தாள். இரண்டு முறை அழுதாள், அதனால் மூன்றாவது முறைதான் புரிந்தது. நான் சுகம்.

முதலில் சண்டை. என்னைக் கேட்காமல் என் பெயரை ஒரு பத்திரத்தில் போட நீ யார்? அறுபத்திரண்டு வயதில் பிறந்த ஊரை விட்டுப் போ என்று சொல்ல நீ யார்? கடல் சத்தத்தில் மனிதர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? பத்து நாளாக யோசித்துப் பார்த்தேன், ஒரு கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை.

இனி நிபந்தனை. யாரும் என் முழங்கையைப் பிடித்து நடத்தக் கூடாது. நான் உன் தோளைப் பிடித்துக்கொள்வேன், அது வேறு. என் தட்டில் மீனை முள்ளெடுத்து வைக்கக் கூடாது. வருகிற விருந்தாளிகளிடம் "என் அக்கா, பாவம்" என்று சொன்னால் அன்றைக்கே ரயிலேறிவிடுவேன். கரிக்காரனை முதல் நாளே என்னிடம் அனுப்பு.

பெர்த்தா கோடைக்கு வருவாள். அவளிடம் வாடகை வாங்கக் கூடாது.

நேற்று கட்டிலை விற்றுவிட்டேன். வாங்கியவன் அக்டோபர் இரண்டாம் தேதி காலையில் வந்து எடுத்துப்போகிறான்.

உன் அக்கா,
ஹெஸ்டர்